படத்தின் நிறை: பஸ்ராவின் பேரறிஞரும் காங்கேயத்துக் காளையும்

காங்கேயத்துக் காளையைப் படம் பிடிப்போர் இன்று எண்ணற்றவர். சந்தை நாளிலும், கண்ணபுரம் திருவிழாவையொட்டிக் கூடும் பெருஞ்சந்தையிலும், ரேக்ளா ஓட்டத்திலும் கைபேசியை நீட்டாத கையைக் காண்பது அரிது. எடுத்த படம் அடுத்த கணமே நூறு கல் தொலைவு கடந்து விடுகிறது. மாட்டை நேரிற் காணாமலே அதன் படத்தைக் கண்டு விலை பேசும் வழக்கமும் வந்துவிட்டது. ஆயினும் அப்படங்களுள் காளையைக் காளையாகக் காட்டுபவை மிகச் சிலவே. ஒன்றில் தலை பூதாகாரமாகவும் பின்னுடல் ஆட்டுக் குட்டியினதைப் போலச் சிறுத்தும் நிற்கும்; மற்றொன்றில் கம்பீரமான திமிலின் மேற்பகுதி சட்டத்துக்கு வெளியே போயிருக்கும்; வேறொன்றில் காளை நடுவே நிற்க, அதன் முகத்துக்கு நேராகச் சுவர் வந்து முட்டியது போல் படம் முடிந்திருக்கும். தம் காளையின் படத்தைப் பார்த்த உழவர் ஒருவர், "பாய், இது என்ற மாடே இல்லீங்க" என்று என்னிடம் கூறி வருந்தினார். அவர் படக்கலை பயின்றவர் அல்லர். எனினும் அவர் கண்டது பெரிய உண்மை. உறுப்புகள் எல்லாம் இருந்தன. அவற்றுக்கிடையே இருக்க வேண்டிய பொருத்தம் இல்லை.

அந்தப் பொருத்தத்தை அரபு நூலோர் 'தனாஸுப்' என்பர். ஒன்றுக்கொன்று உறவுடைய அளவில் அமைதல் என்பது அதன் பொருள். படத்தின் நிறை, சமநிலை என்றெல்லாம் இக்காலத்தவர் பேசுவதன் வேர் இச்சொல்லில் இருக்கிறது. அவ்வேரைத் தேடிச் சென்றால், காமிரா பிறப்பதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் கெய்ரோ நகரில் எழுதப்பட்ட ஒரு நூலில் போய் நிற்போம்.

அந்நூலின் பெயர் 'கிதாபுல் மனாளிர்'. பார்வை பற்றிய நூல் என்று தமிழில் கூறலாம். ஏழு பகுதிகளைக் கொண்ட இதனை இயற்றியவர் அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் என்னும் மாமேதை. ஏறத்தாழ கி.பி. 965இல், அதாவது ஹிஜ்ரி 354ஆம் ஆண்டளவில், பஸ்ராவில் பிறந்த இவர், கெய்ரோவில் 1040ஆம் ஆண்டளவில் காலமானார். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த வழி கூறுவதாகச் சொல்லி எகிப்து சென்றார் என்றும், அது இயலாதெனக் கண்டபின் அல்ஹாகிமின் சினத்துக்கு அஞ்சிப் பித்தர் போல் நடித்தார் என்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. அதில் எத்துணை உண்மை, எத்துணை கதை என்று பிரித்தறிவது கடினம். எனக்கு அதனினும் சுவையாகத் தோன்றுவது இப்னுல் கிஃப்தீ என்னும் வரலாற்றாசிரியர் தரும் வேறொரு செய்தி. பிற்காலத்தில் அல்அஸ்ஹர் பள்ளியை அடுத்து வாழ்ந்த இப்னுல் ஹைதம், யூக்ளிடின் கணித நூலையும் தாலமியின் வானநூலையும் ஆண்டுதோறும் தம் கையால் படியெடுத்து, 150 தீனாருக்கு விற்று, அதனைக் கொண்டே அவ்வாண்டின் செலவை நடத்தினாராம். எழுத்தெழுதி வயிறு கழுவியவர் அவர். எழுத்தின் அழகை அளந்தறியும் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ?

மேலே செல்லுமுன் ஒரு செய்தியைத் தெளிவாக்கிவிட விரும்புகிறேன். இப்னுல் ஹைதமே காமிராவைக் கண்டுபிடித்தார் என்றும், 'காமிரா' என்ற சொல்லே 'கம்ரா' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்றும் நம்மவருள் சிலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். ஆர்வத்தால் கூறுவது அது. ஆராய்ந்து கூறுவது அன்று. காமிரா என்பது இலத்தீன் மொழியில் அறை என்னும் பொருளுடையது. அதற்கும் முன்னர் கிரேக்க மொழியில் வளைவுக் கூரையைக் குறித்தது. கப்பலின் உள்ளறைக்கு அரபு மாலுமிகள் வழங்கும் 'கமரா' என்ற சொல் ஐரோப்பியரிடமிருந்து அரபுக்கு வந்ததேயன்றி இங்கிருந்து அங்குச் சென்றதன்று. துளை வழியே புகும் ஒளி உருவம் காட்டும் என்பதையும் அவருக்கு முன்பே சிலர் கண்டிருந்தனர். சூரிய கிரகணத்தின்போது மரநிழலில் பிறை வடிவங்கள் தோன்றுவதைக் கிரேக்கரும் வியந்து குறித்துள்ளனர்.

அவ்வாறாயின் இப்னுல் ஹைதம் செய்தது என்ன? கண்டதோடு அவர் நிற்கவில்லை, காரணம் தேடினார். இருண்ட இடம் ஒன்றின் சுவரிலுள்ள சிறு திறப்புக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறிடத்தில் வைத்தார். ஒவ்வொரு விளக்குக்கும் உரிய ஒளித்திட்டு உள்ளே தனித்தனியே விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டும் மறைந்தது. ஒரே துளையில் நுழைந்த ஒளிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பவில்லை என்று இதனால் நிறுவினார். கிரகணத்தின் உருவம் பற்றித் தனியே ஒரு கட்டுரையும் வரைந்து, துளை எத்துணைச் சிறியதாக இருந்தால் பிறை தெளிவாகத் தோன்றும் என்று கணக்கிட்டார். இருண்ட அறைக்கு 'காமிரா அப்ஸ்க்யூரா' என்ற இலத்தீன் பெயரை 1604இல் வழங்கியவர் கெப்ளர். உள்ள புகழே இத்துணை இருக்கையில் இல்லாத புகழை அவருக்குச் சூட்டுவானேன்?

நம் பொருளுக்கு வேண்டியது இருட்டறை அன்று. அந்நூலின் இரண்டாம் பகுதி. கண்ணால் அறியப்படும் தன்மைகள் இருபத்திரண்டு என்று அங்கே அவர் வகுக்கிறார். ஒளி, நிறம், தொலைவு, நிலை, திரட்சி, வடிவம், பருமை, பிரிவு, தொடர்ச்சி, எண், அசைவு, அசைவின்மை, சொரசொரப்பு, மழமழப்பு, ஒளி ஊடுருவல், ஊடுருவாமை, நிழல், இருள், அழகு, அழகின்மை, ஒப்புமை, வேற்றுமை என்பன அவை. இவற்றுள் அழகை விளக்கும் இடந்தான் அருமையானது. ஏனைய தன்மைகள் ஒவ்வொன்றும் தனித்து நின்றே அழகைத் தரக்கூடும் என்கிறார். ஒளியால் திங்கள் அழகு. நிறத்தால் மலர் அழகு. தொலைவும் அழகைத் தரும்; ஏனெனில் முகத்தின் சிறு வடுவையும் சுருக்கத்தையும் அது மறைத்துவிடுகிறது. அண்மையும் அழகைத் தரும். ஏனெனில் நுண்ணிய வேலைப்பாட்டை அது காட்டுகிறது. மங்கிய ஒளித்திரளாகத் தெரியும் விண்மீன் கூட்டத்தைவிடப் பிரிந்து விளங்கும் விண்மீன்கள் அழகு. அதனாற் பிரிவும் அழகைத் தருவது. இடைவெளியின்றிப் பரந்த பசும்புல்வெளி அழகு. அதனால் தொடர்ச்சியும் அழகைத் தருவது. நிழலும் இருளும் கூட இப்பட்டியலில் இடம் பெறுகின்றன. இரவு இருண்டதனாலன்றோ விண்மீன் விளங்குகிறது?

இவ்விடத்தில் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொலைவும் அழகு, அண்மையும் அழகு. பிரிவும் அழகு, தொடர்ச்சியும் அழகு என்று ஒன்றுக்கொன்று மாறானவற்றையே அவர் அடுக்குகிறார். ஆதலின் இது செய்தால் அழகு வரும் என்று எங்கும் பொருந்தும் ஒரு விதியை அவர் தரவில்லை. தன்மைகள் கூடும் கூட்டத்தை, அதாவது 'தஃலீஃப்' எனப்படும் சேர்க்கையை நோக்கியே அவர் நம்மைத் திருப்புகிறார். அகன்ற கண்கள் அழகியவை. ஆனால் அதே முகத்தில் மூக்கு அவற்றுக்குப் பொருந்தாமல் தட்டையாக அமைந்தால் முகம் அழகு பெறாது. மாறாக, தனித்தனியே பார்க்கையில் சிறப்பில்லாத உறுப்புகளும் தம்முள் பொருந்தி நின்றால் முழு முகமும் அழகாகிவிடும். எழுத்தும் அப்படியே. வடிவத்திலும் அளவிலும் நிலையிலும் வரிசையிலும் எழுத்துகள் ஒன்றுக்கொன்று பொருந்தினாலன்றி எழுத்து அழகு பெறாது என்பது அவர் முடிவு. எழுத்துப் படியெடுத்து உண்டவர் கூறும் சான்று அது என்பதை மறவற்க.

அவருக்கு முன்னரே எழுத்தின் பொருத்தத்தை அளவையாக்கியவர் ஒருவர் இருந்தார். பக்தாதில் அப்பாஸியக் கலீஃபாக்கள் மூவரிடம் அமைச்சராக இருந்து, ஹிஜ்ரி 328இல் (கி.பி. 940) சிறையில் மாண்ட இப்னு முக்லாவே அவர். அரசியற் சூழ்ச்சியில் அகப்பட்டுத் தம் வலக்கை துண்டிக்கப்பட்ட அவரது வரலாறு கண்ணீர் வரவழைப்பது. நாணற் பேனாவைத் தாளில் ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியை அவர் அலகாகக் கொண்டார். எழுத்து வகைக்கேற்ப இத்தனை புள்ளி உயரம் என்று அலிஃபை நிறுத்தினார். அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்திலிருந்து ஏனைய எழுத்துகளின் வளைவைப் பெற்றார். 'அல்கத்துல் மன்ஸூப்', அதாவது பொருத்தமுடைய எழுத்து என்று அது பெயர் பெற்றது. தனாஸுபும் மன்ஸூபும் ஒரே வேரில் பிறந்த சொற்கள்.

சிறுவர்க்கு அரபெழுத்துக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் நூன் என்னும் எழுத்தில் இவ்வுண்மையை நாள்தோறும் காண்பர். அதன் கிண்ணம் அகன்றது, கனமான கோடு. அதனைத் தாங்கி நிற்பது மேலேயுள்ள ஒரே ஒரு புள்ளி. அப்புள்ளியைச் சற்றே இடம் மாற்றி வைத்த மாணவனின் நூன் குடை சாய்ந்தாற்போல் தோன்றும். கிண்ணத்தின் அளவும் புள்ளியின் அளவும் சமமா? இல்லை. ஆயினும் எழுத்து நிறையோடு நிற்கிறது.

சமநிலை என்றதும் நம்மவர் தராசை நினைத்து, இரு தட்டிலும் ஒரே எடை வைத்தாற்போல் படத்தின் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டுமெனக் கருதுவர். பழங்காலத்துச் சந்தைகளில் வழங்கிய வெள்ளிக்கோலை நினைத்தால் இம்மயக்கம் தீரும். தட்டு ஒன்றே, கோலின் பிடி ஒரு முனைக்கு அருகில் இருக்கும். அருகில் தொங்கும் பெருஞ்சுமையை, தூரத்தில் தொங்கும் சிறு குண்டு நேர் நிறுத்திவிடும். எடை மட்டுமன்று, பிடியிலிருந்து அது நிற்கும் தொலைவும் கணக்கில் சேரும். இக்கோலுக்கு அரபியில் 'கரஸ்தூன்' என்று பெயர். இதன் கணிதத்தை விளக்கி ஒன்பதாம் நூற்றாண்டில் ஸாபித் இப்னு குர்ரா என்ற அறிஞர் தனி நூலே எழுதினார். படத்தின் நிறை இந்த வெள்ளிக்கோலின் நிறை. ஒரு பக்கம் பெரிய ஆலமரம். மறு பக்கம் எல்லையோரத்தில் ஒரு சிறு மனிதன். கண் அம்மனிதனிடம் சென்று தங்குமாதலால் மரமும் மனிதனும் நேர் நிற்பர். இருண்ட பொருளுக்கு எடை மிகுதி. வெளிச்சத்தின் நடுவே கிடக்கும் இருளுக்கும், இருளின் நடுவே ஒளிரும் வெளிச்சத்துக்கும் அதனினும் மிகுதி. மனித முகத்துக்கும், அதிலும் கண்ணுக்கும், எல்லாவற்றினும் மிகுதி. ஒரு முகம் எத்திசை நோக்குகிறதோ அத்திசையிலுள்ள வெற்றிடத்துக்கும் எடை உண்டு. இந்த வெற்றிடத்தை நம் வீட்டுப் படக்காரர்கள் வீணிடம் என்று கருதி வெட்டியெறிகின்றனர்.

மனாளிர் நூல் கி.பி. 1200ஐ ஒட்டி இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலிய மொழியிலும் வந்தது. ஃபிளாரன்ஸ் நகரத்து வெண்கலக் கதவுகளைச் செய்து புகழ்பெற்ற சிற்பி கிபெர்ட்டி, தம் மூன்றாம் உரைநூலில் இப்னுல் ஹைதமின் கருத்துகளைப் பெருமளவு எடுத்தாண்டார். அழகு பற்றிய பகுதியும் அவற்றுள் அடங்கும். 1572இல் பாஸல் நகரில் இலத்தீன் நூல் அச்சேறியது. ஐரோப்பிய ஓவியக் கலை முழுவதும் அரபு நூலில் பிறந்தது என்று நான் கூற வரவில்லை. அவர்களுக்கு வேறு ஆசான்களும் இருந்தனர். அந்த ஆற்றில் கலந்த ஊற்றுகளுள் இதுவும் ஒன்று என்பதே செய்தி.

ஊற்றைப் பற்றிப் பேசுகையில் எங்கள் மண்ணின் பங்கையும் கூறாமல் இருக்க மனம் வரவில்லை. காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூர், பச்சை நீலக் கற்களுக்குப் பழங்காலந்தொட்டுப் பெயர் பெற்றது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அக்கல்லைப் பட்டை தீட்டிய இடங்களை அகழ்வாய்வினர் கண்டெடுத்துள்ளனர். இக்கல் மேனாட்டில் 'பெரில்' எனப்படும். சிறந்த பெரில் இந்தியாவினின்றே வருகிறது என்று ரோமானியரான பிளினி எழுதியுள்ளார். பளிங்குக்கு அரபியில் வழங்கும் 'பில்லவ்ர்' என்ற சொல்லும், மூக்குக் கண்ணாடிக்கு ஜெர்மானியர் வழங்கும் 'பிரில்லே' என்ற சொல்லும் இக்கல்லின் பெயரிலிருந்து வந்தவை என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். காமிராவின் கண்ணாடிக்கு முன்னோடியான கண்ணாடியின் பெயரில் எங்கள் ஊர்க் கல் ஒட்டிக் கொண்டிருக்கிறது!

ஒளிப்படக் கலை 1839இல் பாரிஸில் உலகறிய வெளியிடப்பட்டது. சென்னையில் 1856இல் ஒளிப்படச் சங்கம் தோன்றியது; 1850இல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்ட்டர் நிறுவிய கலைப்பள்ளியிலும் இக்கலை கற்பிக்கப்பட்டது. அக்காலத்தில் சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக அமர்ந்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1857இன் இறுதியிலும் 1858இலும் மாட்டு வண்டிகளில் சுமைகளை ஏற்றிக் கொண்டு சேலம், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று அவர் சுற்றினார். அன்று அவர் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகிதம். ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு 15 அங்குலம் அளவுள்ளது. ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் ஒளி காட்ட வேண்டும். அவசரப்பட்டு எடுக்க வழியே இல்லை; எங்கே நிற்பது என்று தேர்ந்துகொள்வதே வேலையின் பெரும்பகுதி.

டிரைப்புக்கு ஓர் இடர் இருந்தது. அக்காலத்து இரசாயனம் நீல நிறத்தை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். அதனால் கோபுரம் நன்றாகப் பதிந்தால் வானம் முகிலே இல்லாத வெள்ளைத் தாளாகப் போய்விடும். பாதிப் படத்தை வெறும் வெள்ளை அடைத்துக் கொள்ள, கோபுரம் காற்றில் தொங்குவது போலாகும். அவர் என்ன செய்தார்? எதிர்ப்படிவத்தின் மீது தூரிகையால் வண்ணம் தீட்டி, அச்சில் முகில் தோன்றுமாறு செய்தார், மரத்தழைகளையும் திருத்தினார். வானத்துக்கு எடை ஏற்றி நிறையை மீட்டார் என்க. இது பொய்யன்றோ என்று சிலர் கேட்கலாம். முகில் பொய்தான், ஆனால் கட்டடத்தின் ஒரு கல்லையும் அவர் மாற்றவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாக அமைத்தவர் அவர். அதில் அழகுக்கு எவ்வித முயற்சியும் இல்லை. ஆயினும் ஒரே தொலைவு, ஒரே உயரம், ஒரே ஒளி என்னும் ஒழுங்கினால் அது அழகாயிற்று. செலவு மிகுதி என்று கருதிய கவர்னர் டிரெவெல்யன் 1859இல் அப்பணியை நிறுத்திவிட்டார்.

டிரைப் படைத்துறை சார்ந்தவர். நில அளவை அறிந்தவர். அதே காலத்தில் அரபுலகிலும் அவ்வாறே ஒருவர் எழுந்தார். எகிப்தியப் படையின் பொறியாளர் முஹம்மது ஸாதிக் பே, அரேபியாவின் பாதைகளை அளக்கச் சென்றபோது, 1861இல் மதீனா நகரையும், 1880இல் மக்கா நகரையும் முதன்முதலாக ஒளிப்படத்தில் பதித்தார். உயரமான இடங்களில் காமிராவை நிறுத்தி, கட்டடங்களும் முற்றமும் சூழ்ந்த மலைகளும் தத்தம் அளவில் தோன்றுமாறு அவர் அமைத்த படங்களுக்கு 1881இல் வெனிஸ் புவியியற் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அடுத்த தலைமுறையில், 1907ஐ ஒட்டி, டெல்லியைச் சேர்ந்த எச். ஏ. மிர்ஸா எடுத்து விற்ற ஹஜ்ஜுப் படங்கள் இந்திய முஸ்லிம் குடும்பங்களிடையே பரவின. மலையின் பரப்பும் முற்றத்தின் அகலமும் இருந்தமையால்தான், அந்தச் சிறிய அட்டையில் அந்த இடத்தின் பெருமை அடங்கியது. இக்காலத்து வண்ணப் படங்கள் பல, நடுவில் உள்ளதை மட்டும் வெட்டியெடுத்து நிரப்பி, அந்தப் பெருமையை இழந்து நிற்கின்றன.

படம் எடுத்தல் ஆகுமா என்று அக்காலத்து உலமாக்களிடையே நிகழ்ந்த வாதங்களை ஈண்டு நான் விரிக்கவில்லை. ஒன்று மட்டும் மொழி நோக்கில் கூறத்தக்கது. எகிப்து நாட்டு முஃப்தியாக இருந்த ஷெய்கு முஹம்மது பகீத், ஒளிப்படம் என்பது உருவம் படைத்தல் அன்று, நிழலைத் தடுத்து நிறுத்தலே என்று வாதித்தார். உருது மொழியினர் இதனை 'அக்ஸ்', எதிரொளி, என்கின்றனர். தமிழரோ 'நிழற்படம்' என்றனர். மூன்று மொழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது வியப்பே.

கோவை மாவட்டத்துக்கு இக்கலை பெரிதும் நீலகிரி வழியாகவும் வந்தது. உதகையில் வெள்ளையருக்காக ஏற்பட்ட ஸ்டூடியோக்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் பென் என்பவருடையது பெயர் பெற்றிருந்தது. பின்னர்ச் சிற்றூர்தோறும் நம்மவர் ஸ்டூடியோ வைத்தனர். திரையில் மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்திருக்கும். அவர்கள் எடுத்த குடும்பப் படங்களைச் சிலர் இன்று எள்ளி நகைப்பர். நான் அவ்வாறு கருதேன். நாற்காலியில் பாட்டனாரும் பாட்டியாரும். பின்னே நிற்கும் மக்களும் மருமக்களும். கீழே பாயில் பேரக் குழந்தைகள். நெட்டையர் நடுவிலும் குட்டையர் ஓரத்திலும் நிற்க, தலைகளின் கோடு கூரை போல் இருபுறமும் சரிந்திறங்கும். ஓரத்தில் நிற்பவரை உள்நோக்கிச் சற்றே திருப்பி வைப்பர். அவர் வெளிநோக்கினால் பார்ப்பவரின் கண்ணும் படத்தைவிட்டு வெளியேறிவிடும். இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் என்பவர் ஓவிய விதிகளை ஒளிப்படத்துக்குப் பொருத்தி 1869இல் ஒரு நூல் எழுதினார்; கூர்ங்கோபுர அமைப்பைப் பற்றி அவர் விளக்கியதை, அந்நூலின் பெயரும் அறியாத நம் ஸ்டூடியோக்காரர்கள் கைப்பழக்கத்தால் கற்றிருந்தனர்.

இன்று கைபேசித் திரையில் குறுக்கும் நெடுக்குமாக நான்கு கோடுகள் ஒன்பது கட்டங்களைக் காட்டுகின்றன. மூன்றிலொரு பங்கு விதி என்று அதற்குப் பெயர். 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர், நாட்டுப்புறக் காட்சிகளில் நிலத்துக்கும் வானத்துக்கும் பங்கு பிரிக்கக் கூறிய யோசனை அது. தொடக்கத்தார்க்குக் கைத்தடியாக உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதனையே வேதவாக்காகக் கொண்டு எல்லாப் பொருளையும் ஒரு கோட்டின் மேல் ஏற்றி வைப்பவர், மறுபக்கத்தில் என்ன எடை இருக்கிறது என்று பார்ப்பதில்லை. தேங்காய்ப் பருப்பு உலர்த்தும் எங்கள் ஊர்க் களங்களைப் படமெடுக்கிறவர், பருப்பைக் கிளறும் பெண்ணை வலப்பக்கக் கோட்டில் நிறுத்திவிட்டு, இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் விடுவார். அல்லது அங்கே வெயிலில் பளபளக்கும் லாரியை விட்டுவைப்பார். முன்னதில் படம் ஒருபுறம் சாயும். பின்னதில் லாரியே படத்தின் தலைவனாகிவிடும்.

இனிக் காளையிடம் வருவோம். மாட்டினங்களைப் பற்றிய நூல்களுக்கு ஒரு மரபுண்டு. சென்னை மாகாணக் கால்நடைத் துறையில் பணியாற்றிய லிட்டில்வுட் 1936இல் தென்னாட்டுக் கால்நடைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். காங்கேயம் இனத்தையும், பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அவ்வினத்தைப் பேணி வளர்த்த சிறப்பையும் அறிய விரும்புவோர் இன்றும் நாடும் நூல் அது. இத்தகைய நூல்களில் மாட்டை நேர்ப் பக்கவாட்டில் நிறுத்தி எடுப்பதே வழக்கம். முதுகின் கோடு, திமிலின் உயரம், நெஞ்சின் ஆழம், கால்கள் நான்கு ஆகியவற்றின் பொருத்தம் அந்நிலையில்தான் மறையாமல் தெரியும்; அதுவே இனத்தின் அடையாளம். கன்று செந்நிறமாகப் பிறந்து பின்னர்ச் சாம்பல் நிறமாகும் என்பதையும், காளைக்குத் தலை, திமில், முன்னுடல், பின்தொடை ஆகியன கருத்திருக்கும் என்பதையும் இப்பகுதியார் அறிவர். கருமைக்கு எடை மிகுதி என்று முன்னர்க் கூறினேன். ஆகவே காங்கேயக் காளையின் நிறை இயல்பாகவே முன்பக்கம் சாய்ந்தது. அதனைப் படத்தின் நடுவே நிறுத்தினால் முகத்தின் பக்கம் கனத்துத் தோன்றும். முகத்துக்கு முன்னே வெற்றிடம் கூடுதலாக விட்டால் வெள்ளிக்கோல் நேர் நிற்கும்.

தலை பெருத்து வால் சிறுப்பது ஏன் என்பதற்கும் மனாளிர் நூலிலேயே விடை உண்டு. பொருளின் பருமையைக் கண் வெறும் கோணத்தால் மட்டும் அறிவதில்லை; தொலைவையும் சேர்த்து எண்ணியே அறிகிறது என்று இப்னுல் ஹைதம் நிறுவினார். நேரில் மாட்டின் தலைக்கருகே நிற்பவனுக்குத் தலை அருகிலும் வால் அப்பாலும் இருப்பது தெரியும். அவன் மனம் கணக்கைத் திருத்திக் கொள்ளும். படத்திலோ தொலைவு தட்டையாகிவிட்டது. கோணம் மட்டும் எஞ்சியது. கணக்குச் சொல்கிறேன். தலை முதல் வால் வரை இரண்டு மீட்டர் எனக் கொள்வோம். காளையின் எதிரே ஒரு மீட்டரில் நின்று எடுத்தால், பின்னுடல் மூன்று மீட்டர் தொலைவில் இருக்கும். தலை அதற்கு மூன்று மடங்கு பெரிதாகப் பதியும். பத்து மீட்டர் பின்வாங்கி நின்றால் பத்துக்குப் பன்னிரண்டு. வேறுபாடு ஐந்திலொரு பங்குதான். கைபேசியின் கண்ணாடி அகன்ற காட்சியை வாங்குவது. அதனால் மாட்டைத் திரையில் நிரப்ப எண்ணுபவர் அறியாமலே அருகில் சென்றுவிடுகிறார்.

மனாளிர் நூலின் மூன்றாம் பகுதி முழுவதும் பார்வைப் பிழைகளைப் பற்றியது. தொலைவு, நேர்நிலை, ஒளி, பருமை, ஊடுருவாமை, இடையிலுள்ள காற்றின் தெளிவு, காலம், கண்ணின் நலம் ஆகிய எட்டும் மிதமான அளவில், 'இஃதிதால்' எனப்படும் நடுநிலையில், இருந்தால்தான் காட்சி மெய்யாகும். ஏதேனும் ஒன்று எல்லை மீறினால் கண் பொய் கூறும் என்கிறார். காணாத மாட்டுக்குப் படத்தைக் கண்டு விலை தருபவர் உள்ள இக்காலத்தில், நிறை தவறிய படம் அழகுக் குறை மட்டுமன்று. பொய்ச் சான்றும் ஆகிறது. நெஞ்சை அகலமாக்கிக் காட்ட வேண்டுமென்றே முன்னே குந்தி எடுப்பவரும் உளர். அவர் எடைக்கல்லில் மெழுகு ஒட்டும் வணிகருக்கு உறவினர்.

காளை உரிமையாளர் கேட்டால் நான் கூறும் முறை இதுவே. காலை ஏழு, எட்டு மணி வெயிலில், வெயில் உங்கள் முதுகுக்குச் சற்றுப் பக்கவாட்டில் இருக்குமாறு நில்லுங்கள். சமதரையில் காளையைப் பக்கவாட்டில் நிறுத்தி, கால்கள் ஒன்றையொன்று மறைக்காதவாறு சற்று நடத்தி நிறுத்துங்கள். பத்து மீட்டர் பின்வாங்குங்கள். உருவத்தைக் காமிராவின் பெருக்கத்தால் பெரிதாக்கிக் கொள்ளுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் கால்கள் குறுகும். ஆகவே குனிந்து, காமிராவை மாட்டின் நடு வயிற்று உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். பின்னே சாம்பல் நிறச் சுவர் வேண்டாம். காளையும் சாம்பல் நிறமாதலால் இரண்டும் கலந்துவிடும். கிளுவை வேலியோ பசுஞ்சோளக் காடோ இருந்தால் நன்று. கொம்பு நுனிக்கு மேலே ஒரு சாண் வானம் தெரியட்டும். கயிறு பிடிப்பவர் முகத்துக்கு முன்னே தள்ளி நிற்கட்டும். வெற்றிடத்தின் ஓரத்தில் நிற்கும் அவரே வெள்ளிக்கோலின் குண்டாகிவிடுவார். அவரைப் பார்த்துக் காளை காதை முன்னே விறைக்கும் கணம் வரும். அதுவரை பொறுத்திருந்து எடுங்கள்.